மலைப் பாதைக்கு ஏற்ற சைக்கிள்: விலையும் பல் கணக்கும்

நம் நாட்டில் எளியோரின் வாகனம் எது என்று கேட்டால் சைக்கிள் என்பதே விடையாக இருக்கும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 100 குடும்பங்களில் ஏறத்தாழ 45 குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் அதை வைத்திருந்தன. ஆனால் சிக்கிம், நாகாலாந்து முதலிய மலை மாநிலங்களில் இந்த விகிதம் மிகவும் தாழ்ந்திருந்தது. மலையில் சைக்கிள் ஓட்ட முடியாது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இதில் பாதியே உண்மை. சமவெளிக்கென்று செய்யப்பட்ட சைக்கிளை மலையில் ஓட்டுவது கடினம் என்று சொல்வதே பொருந்தும்.

இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய செய்தியன்று. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர் சைக்கிள் வாங்குவதற்காக உதவித்தொகை வழங்கும் திட்டத்தைப் பீகார் அரசு 2006ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் விளைவுகளைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் தொகை 32 சதவீதம் உயர்ந்தது என்றும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் அவர்கள் கண்டனர். பள்ளி 3 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் இந்தப் பயன் பெரிதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் 2001-02ஆம் ஆண்டிலும், மேற்கு வங்காளத்தில் 2015ஆம் ஆண்டிலும் இத்தகைய திட்டங்கள் தொடங்கப்பட்டன. மலையூர்களிலும் பள்ளி தொலைவில்தான் இருக்கிறது. சொல்லப்போனால், அங்கு 3 கிலோ மீட்டர் என்பது சமவெளியின் 3 கிலோ மீட்டரைவிட நீண்டது. ஆனால் சமவெளிக்கு வகுத்த அதே விவரக்குறிப்பின்படி மலை மாவட்டத்துக்கும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால், அது காலையில் தள்ளிச் செல்லும் பொருளாகவும் மாலையில் அச்சத்தோடு இறங்கும் பொருளாகவும் ஆகிவிடும்.

குறைந்த செலவில் மலைக்கேற்ற சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? கடைகளில் முதலில் சொல்லப்படும் கியர் எண்ணிக்கை, அதிர்வு தாங்கி, வண்டியின் எடை, பெயர்ப்பலகை ஆகியவை இதில் இரண்டாம் இடத்தையே பெறுகின்றன. முதலிடம் இரண்டுக்கு உரியது: மிகத் தாழ்ந்த கியரின் பல் கணக்கு ஒன்று, பிரேக் மற்றொன்று.

பாதையின் சரிவு

சைக்கிளைப் பார்க்கும் முன் பாதையைப் பார்க்க வேண்டும். மலைச் சாலைகளின் சரிவுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வரம்பு வகுத்துள்ளது. மலைப்பாங்கான நிலத்தில் இயல்பாகக் கடைப்பிடிக்க வேண்டிய சரிவு 20க்கு 1. அதாவது 20 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரம். 3,000 மீட்டருக்கு உட்பட்ட செங்குத்தான நிலத்தில் இது 16.7க்கு 1 வரை செல்லலாம். விதிவிலக்கான இடங்களில் 12.5க்கு 1 வரையிலும் அனுமதி உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் 40க்கு 1 என்பதற்கு மேல் சரிவு கூடாது. மலையேறும் சைக்கிள்காரர் வளைவுகளில் மூச்சு வாங்கிக் கொள்ள முடிவது இதனால்தான்.

எடுத்துக்காட்டாக, குமாவோன் மலையடிவாரத்தில் உள்ள காத்கோதாமிலிருந்து நைனிதாலுக்குச் செல்லும் சாலை சுமார் 35 கிலோ மீட்டரில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயர்கிறது. சராசரி 25க்கு 1. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் சாலையும் ஏறக்குறைய இதே அளவுதான். அம்மலைக்கு இரயில் பாதை அமைத்தவர்கள் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12க்கு 1 என்னும் சரிவை மேற்கொண்டனர். அதன் பொருட்டுத் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதிக்க வேண்டியதாயிற்று. 33க்கு 1 என்ற அளவோடு நின்ற கால்கா - சிம்லா பாதைக்கு அது தேவைப்படவில்லை. இரயிலுக்கு உள்ள இந்த நியாயம் சைக்கிளுக்கும் உண்டு.

மலை மாநிலம் என்பதாலேயே எல்லாப் பாதைகளும் ஏற்றம் என்று கருதிவிடக் கூடாது. இம்பால் பள்ளத்தாக்கும் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் தரையும் பெரும்பாலும் சமமானவை. அங்கே சாதாரணச் சைக்கிளே போதும். ஆகவே மாவட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், வீட்டுக்கும் பள்ளிக்கும், வீட்டுக்கும் சந்தைக்கும் இடையே உள்ள குறிப்பிட்ட வழியை அளந்து பார்ப்பதே முறை. அளப்பதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தைச் சாலையில் நெடுக வைத்து, மேலே தச்சரின் இரசமட்டத்தை வைக்கவும். மட்டம் சரியாகும் வரை தாழ்ந்த முனையை உயர்த்தி, அம்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். 5 சென்டி மீட்டர் என்றால் சரிவு 20க்கு 1. 8 சென்டி மீட்டர் என்றால் 12.5க்கு 1. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படம் கிடைக்குமானால், சாலையைக் குறுக்கிடும் சமவுயரக் கோடுகளை எண்ணியே இதை அறியலாம். புவியியல் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

பெடலில் விழும் சுமை

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் 10 கிலோ பையுடன் 20 கிலோ சைக்கிளில் 20க்கு 1 ஏற்றத்தில் செல்வதாகக் கொள்வோம். மொத்தம் 85 கிலோ. இதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 4.25 கிலோ விசை, வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. சக்கரம் உருள்வதற்கான தடையாக இன்னும் 0.85 கிலோவைச் சேர்த்தால் 5.1 கிலோ ஆகிறது. உடல்நலமுள்ள இளைஞர் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலை 100 வாட் என்று வைத்துக் கொண்டால், அவர் மணிக்கு 7.2 கிலோ மீட்டர் வேகத்தில் ஏற முடியும். இந்த வேகத்தை எந்த விலையுயர்ந்த கியராலும் கூட்ட முடியாது. அது உடலின் வரம்பு. கியர் செய்யக்கூடியது, அந்த ஆற்றலைக் கால்கள் எவ்வாறு தருகின்றன என்பதை மாற்றுவதேயாகும்.

சாதாரண 28 அங்குலச் சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 48 பற்களும் பின்புறப் பிரீவீலுக்கு 18 பற்களும் இருப்பது வழக்கமான ஓர் அமைப்பு. பெடல் ஒரு முறை சுற்றினால் பின் சக்கரம் 2.67 முறை சுற்றும். வண்டி ஏறத்தாழ 5.9 மீட்டர் முன்னேறும். மணிக்கு 7.2 கிலோ மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 120 மீட்டர். ஆகவே பெடல் நிமிடத்துக்கு 20 சுற்றே சுற்றும். இயல்பாக மிதிப்பவரின் கால்கள் நிமிடத்துக்கு 50 முதல் 70 சுற்று வரை செல்லும். சுற்று குறைந்தால் ஒவ்வொரு மிதியிலும் விழ வேண்டிய விசை அதே அளவில் கூடும். 165 மில்லி மீட்டர் கிராங்குக்குக் கணக்கிட்டால், சராசரியாக 29 கிலோவும் மிதியின் உச்சத்தில் சுமார் 45 கிலோவும் தேவைப்படுகிறது. 55 கிலோ எடையுள்ளவர் தம் எடையில் ஐந்தில் நான்கு பங்கை ஒவ்வொரு மிதியிலும் இறக்க வேண்டும். இருக்கையில் அமர்ந்தபடி இதைச் செய்வது இயலாது. எழுந்து நின்று மிதித்தால் சில நூறு மீட்டர் செல்லலாம். பிறகு இறங்கித் தள்ளுவதே வழி. முழங்காலுக்கும் இது நல்லதன்று.

இப்போது முன்னால் 28 பற்களும் பின்னால் 28 பற்களும் உள்ள கியரை 26 அங்குலச் சக்கரத்தில் வைத்துப் பார்ப்போம். பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 2.05 மீட்டர் நகரும். அதே வேகத்துக்குப் பெடல் நிமிடத்துக்கு 58 சுற்று சுற்றும். உச்ச விசை 16 கிலோவாகக் குறைந்துவிடும். அதே மாணவர், அதே சாலை, அதே எடை. வேறுபாடு பற்களின் எண்ணிக்கையில் மட்டுமே.

இதிலிருந்து கடையில் நின்றபடியே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. முன்புறத்தில் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களையும், பின்புறத்தில் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணிப் பார்க்கவும். முன் எண் பின் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோ இருந்தால் அந்தச் சைக்கிள் மலைச் சாலைக்குப் பொருந்தும். முன் எண் பின் எண்ணைப்போல் ஒன்றேகால் மடங்கு வரை இருந்தால் மிதமான ஏற்றங்களுக்குப் போதும். ஒன்றரை மடங்கை எட்டினால், 20க்கு 1 ஏற்றத்தில் பெடல் 40 சுற்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

கியர் மாற்றும் அமைப்பை வலிமையற்றோரின் துணைக்கருவி என்று இகழ்ந்த காலமும் ஒன்று இருந்தது. பிரான்சின் மேட்டுப்பாங்கான சேந்த் எத்தியேன் நகரைச் சேர்ந்த பால் டெ விவி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல கியர்களின் பயனை இடைவிடாது எடுத்துரைத்தார். ஆயினும், புகழ்பெற்ற பிரான்சு சுற்றுப் போட்டியின் அமைப்பாளர்கள் செயின் மாற்றியை 1937ஆம் ஆண்டில்தான் அனுமதித்தனர்.

எதை வாங்கலாம்?

மிகக் குறைந்த செலவுள்ள வழி, இருக்கும் சைக்கிளையே திருத்திக் கொள்வது. 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் பிரீவீலைப் பூட்டுவது சைக்கிள் கடைக்காரர் சிறிது நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை. செயினில் ஓரிரு கண்ணிகளைச் சேர்க்க வேண்டி வரலாம். முன்புறத்தில் 44 பல் சக்கரம் இருந்தால் ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர் என்ற அளவு கிடைக்கும். 50க்கு 1 என்ற மெல்லிய ஏற்றத்தில் நிமிடத்துக்கு 36 சுற்றாக இருந்தது 48 சுற்றாக உயரும். பீடபூமிகளிலும் ஆற்றோரச் சாலைகளிலும் வாழ்வோருக்கு இதுவே போதுமானது. 20க்கு 1 ஏற்றத்துக்கு இது போதாது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பின்புறம் மட்டும் 6 அல்லது 7 கியர் கொண்ட சைக்கிள். முன்புறத்தில் ஒரே சக்கரம் என்பதால் பழுது குறைவு. புதிதாகக் கற்பவருக்கும் குழப்பமில்லை. ஆனால் இவற்றில் பலவும் முன்னால் 42, பின்னால் 28 என்ற அளவில் வருகின்றன. இது ஒன்றரை மடங்கு. பின்புறப் பிரீவீலை 34 பல் வரை உள்ளதாக மாற்றினால் 20க்கு 1 ஏற்றத்தில் பெடல் 47 சுற்று சுற்றும். புதிய வண்டி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்த மாற்றத்தின் செலவு மிகச் சிறியது.

மூன்றாவது, முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்ற 21 கியர் சைக்கிள். எஃகுச் சட்டத்துடன் கூடிய எளிய வகைகளிலும் முன்புறச் சிறு சக்கரத்துக்கு 24 அல்லது 28 பற்கள் இருப்பதைக் காணலாம். மலைக்கு வேண்டிய கியர் இவற்றில் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. 21 என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை; அவற்றில் பல ஒன்றோடொன்று ஒத்த அளவுடையவை. 24 கியர், 27 கியர் என்று மேலே செல்வதற்குக் கூடுதல் பணம் தருவதில் பள்ளிக்கும் வேலைக்கும் செல்வோருக்கு நன்மை ஏதுமில்லை.

சக்கரத்தின் அளவிலும் கவனம் தேவை. 29 அங்குலச் சக்கரங்கள் கொண்ட வண்டிகள் இப்போது மிகுதியாக விற்கப்படுகின்றன. சக்கரம் பெரிதானால் கியரும் உயர்ந்துவிடும். 26 அங்குலத்தைவிட ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதல் விசை தேவைப்படும். சிறிய மலைக் கடைவீதிகளில் டயரும் டியூபும் எந்த அளவில் எளிதாகக் கிடைக்கின்றன என்று முதலில் விசாரித்துக் கொள்வதும் நன்று.

அதிர்வு தாங்கி பற்றி இக்கட்டுரையாளரின் கருத்து வெளிப்படையானது: குறைந்த விலைச் சைக்கிளில் அது வேண்டாம். மலிவான சுருள்வில் முன் கவடு வண்டிக்கு எடை சேர்க்கிறது. நின்று மிதிக்கும்போது உழைப்பில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. விரைவில் தளர்ந்தும் போகிறது. பின்புற அதிர்வு தாங்கி இதைவிடப் பயனற்றது. சற்று அகலமான டயரில் காற்றை அளவாக வைத்தாலே பெரும்பாலான குலுக்கல் அடங்கும். வண்டியின் எடையைக் குறைக்கப் பெருந்தொகை செலவிடுவதும் இப்படிப்பட்டதே. 3 கிலோ குறைத்தால் மொத்த 85 கிலோவில் அது 3.5 சதவீதம். பல் கணக்கைச் சரிசெய்வதால் மிதிக்கும் விசை மூன்றில் ஒரு பங்காகக் குறைவதை மேலே கண்டோம்.

கியருக்கும் ஓர் எல்லை உண்டு. 12.5க்கு 1 ஏற்றத்தில் அதே 100 வாட் ஆற்றலுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு 4.8 கிலோ மீட்டர். இது நடக்கும் வேகம். அத்தகைய இடங்களில் இறங்கித் தள்ளுவதால் நேர இழப்பு ஏதுமில்லை. ஆகவே அவ்வகை ஏற்றங்களையும் மிதித்தே கடக்க வேண்டும் என்று இன்னும் தாழ்ந்த கியரைத் தேடுவது வீண் செலவு.

மின் உதவிச் சைக்கிளைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழும், வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்குள்ளும், மின்கலம் நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் அமைந்தவை மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. மலைக்கு இவை மிகவும் பொருத்தமானவை. ஆனால் விலை சாதாரணச் சைக்கிளைப்போல் பல மடங்கு. மின்கலத்தைச் சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். எனவே, குறைந்த விலை என்னும் இக்கட்டுரையின் வரம்புக்குள் அவை இன்னும் வரவில்லை.

இறக்கத்தின் ஆபத்து

ஏற்றத்தில் தவறான சைக்கிள் களைப்பைத் தரும். இறக்கத்தில் அது உயிரைப் பறிக்கக்கூடும். 85 கிலோ சுமை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகத்தைக் கட்டுக்குள் வைத்து இறங்கினால் இந்த வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக் கட்டைகளிலும் ரிம்மிலும்தான் இறங்கும்.

இங்கேதான் நம் பழைய கம்பி பிரேக் சைக்கிளின் குறை வெளிப்படுகிறது. அதன் ரிம் குரோமிய முலாம் பூசிய எஃகு. உலர்ந்திருக்கும்போது ஒருவாறு பிடிக்கும் ரப்பர்க் கட்டை, மழையில் நனைந்த எஃகில் வழுக்குகிறது. பிடியின் பெரும்பகுதி போய்விடுகிறது. சமவெளியில் காலைத் தரையில் தேய்த்தேனும் நிறுத்திவிடலாம். மேகாலயத்திலும் நீலகிரியிலும் மழைக்காலச் சரிவில் அது நடவாது. அலுமினியக் கலவை ரிம் நனைந்த நிலையிலும் இதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆதலால் மலைக்குரிய சைக்கிளில் அலுமினிய ரிம்மை விட்டுக்கொடுக்கவே கூடாது. இரு சக்கரங்களுக்கும் தனித்தனியாக, கேபிளால் இழுக்கப்படும் நீண்ட கை கொண்ட பிரேக் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கில் ரிம் நனைவது ஒரு பொருட்டன்று. ஆயினும் மிக மலிவான வகைகள் அடிக்கடி சரிசெய்யப்பட வேண்டியவை. அவற்றுக்குரிய தேய்கட்டை உள்ளூரில் கிடைக்காவிட்டால் அவற்றால் பயனில்லை. ரப்பர்க் கட்டையோ மிகச் சிறிய செலவில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் நீண்ட இறக்கத்துக்கு உதவாது. 1976ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் இளைஞர்கள் சிலர் பழைய சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கும் பந்தயம் நடத்தினர். அத்தகைய பிரேக்கின் உள்ளிருந்த கிரீஸ் ஒவ்வொரு இறக்கத்திலும் சூட்டில் ஆவியாகிவிடும். மறுபடியும் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மீண்டும் அடைத்தல் என்ற பொருளில் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் ஏற்பட்டது. இன்றைய மலைச் சைக்கிளின் பிறப்பிடங்களுள் ஒன்றாக அப்பந்தயம் கருதப்படுகிறது.

இறங்கும் முறையும் முக்கியம். வேகம் இரு மடங்கானால் வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவு நான்கு மடங்காகும். சரிவில் அது இன்னும் நீளும். பிரேக்கை இடைவிடாது தேய்த்துக்கொண்டே இறங்குவதைவிட, வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விடுவது ரிம் ஆறுவதற்கு இடம் தரும்.

அலுவலர்கள் கவனத்துக்கு

அரசுத் துறைகள் மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது ஒப்பந்தப்புள்ளியில் '21 கியர் சைக்கிள்' என்று மட்டும் குறிப்பிட்டால் போதாது. மிகக் குறைந்த விலைப்புள்ளி தருபவர், அச்சொல்லுக்கு அடங்கும் எதையும் வழங்க முடியும். முன் சிறு சக்கரம் 28 பற்களுக்கு மிகாமல், பின் பெரிய சக்கரம் 28 பற்களுக்குக் குறையாமல் என்று எண்களாலேயே எழுத வேண்டும். அலுமினிய ரிம், இரு பிரேக்குகள், உதிரி பிரேக் கட்டைகள் ஆகியனவும் விவரக்குறிப்பில் இடம்பெற வேண்டும். அதிர்வு தாங்கியை நீக்கினால் மிச்சமாகும் தொகை இவற்றுக்கு உதவும். சைக்கிளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதையும் விலை மதிப்பீட்டில் கருதலாம்.

மாணவியரின் தேவை தனிக் கவனத்துக்குரியது. மலைச் சைக்கிள் என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றில் செயின் மூடி, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி எதுவும் இருப்பதில்லை. செயினில் துப்பட்டாவோ பாவாடையோ சிக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இவற்றைப் பின்னர் பூட்டுவதற்காகும் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும். குறுக்குக் கம்பி தாழ்ந்த சட்டம் ஏறி இறங்க வசதியானது. மலையில் அடிக்கடி இறங்க நேரும் என்பதால் இது மாணவர்களுக்கும் ஏற்றதே. இருக்கையிலிருந்து முன்னால் இறங்கி நின்றால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். கனமான பையைக் கேரியரில் மிகப் பின்னால் தள்ளிக் கட்டினால், செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் எழும்பப் பார்க்கும்.

கியர் சைக்கிளின் கேபிள்கள் முதல் சில வாரங்களில் தளர்வது இயல்பு. எல்லைத் திருகுகள் சரியாக அமையாவிட்டால் செயின் பின் சக்கரத்தின் கம்பிகளுக்குள் விழுந்து எல்லாவற்றையும் முறித்துவிடும். கேபிளை இறுக்கி, எல்லைத் திருகுகள் இரண்டைத் திருப்பிச் சரிசெய்யும் இவ்வேலையை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். வழங்கும் நாளிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் ஒருவருக்கும் மூத்த மாணவர் இருவருக்கும் இதைக் கற்பித்து, 5 மில்லி மீட்டர் ஆலன் சாவி ஒன்று, திருப்புளி ஒன்று, சில கேபிள்கள், பத்து இணை பிரேக் கட்டைகள் ஆகியவற்றைப் பள்ளியில் வைத்துவிட்டு வரலாம். கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்தவுடன் அதை மாற்ற வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் எல்லாச் சைக்கிள்களின் கட்டைகளையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.